கிட்னி மாற்று சிகிச்சைக்கு 8 லட்சம் சேர்ந்தால் போதுமா?

2024 மே 14, கேள்வி

அப்பாவுக்கு வயது 56. வாரத்துக்கு 3 டயாலிசிஸ். கிட்னி மாற்றுவதுதான் வழி என்று சொல்லிவிட்டார்கள். அம்மா கொடுக்கத் தயார். தனியார் மருத்துவமனையில் 8 லட்சம் கேட்கிறார்கள். கையில் 2 லட்சம் இருக்கிறது. பாக்கி 6 லட்சம் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது. டிரஸ்டுகளுக்கு எழுதுவதா, இணையத்தில் நிதி திரட்டுவதா, வாட்ஸ்அப்பில் போடுவதா? எது சீக்கிரம் நடக்கும்?

2024 மே 14, இரவு

"வேலை முடிந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

என் அம்மாவுக்கு 2022 நவம்பரில் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் கிட்னி மாற்றினார்கள். ஆபரேஷனுக்கு நாங்கள் ஒரு ரூபாய் கட்டவில்லை, முதலமைச்சர் காப்பீட்டில் நடந்தது. அப்படியும் 5 லட்சத்துக்கு மேல் செலவானது. எதற்கு ஆனது என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

முதலில் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் கிடைக்கும். வி.ஏ.ஓ. பரிந்துரையுடன் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். டயாலிசிஸும் அதில் வரும், மாற்று சிகிச்சையும் வரும். அதைப் பார்க்காமல் 6 லட்சத்துக்குக் கை நீட்டாதீர்கள்.

2024 மே 15

நேற்று விட்டுப்போனது. அம்மா கொடுத்தால் ஒரே நாளில் அப்பாவும் அம்மாவும் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருப்பார்கள். வெளியே யார்? உங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா? அம்மா 4, 5 நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்தாலும் குடம் தூக்கக் கூடாது, குனிந்து கூட்டக் கூடாது. வழக்கமாக அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் அந்தச் சமயம் நோயாளிதான். இதற்கு ஆள் ஏற்பாடு செய்வது 6 லட்சம் சேர்ப்பதைவிடக் கடினம்.

2024 மே 18

வாட்ஸ்அப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் கதை இது.

தம்பி ஒரு செய்தி எழுதினான். அம்மாவின் படம், ரத்த வகை, அவன் போன் நம்பர். "தயவுசெய்து பகிரவும்." இரண்டாம் நாள் ஒருவன் கூப்பிட்டான். பேச்சு மரியாதையாக இருந்தது. "ஓ பாசிட்டிவ் ஆள் இருக்கிறார், சொந்தக்காரர் என்று பேப்பர் நாங்களே தயார் செய்கிறோம்" என்றான். தம்பி ஒரு நிமிடம் தடுமாறிவிட்டான். அதை அவனே பிறகு அழுதுகொண்டு சொன்னான். நான் அவனைத் திட்டவில்லை. அம்மா அந்த வாரம் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார்.

உறுப்பு வாங்குவதும் விற்பதும் தரகு பார்ப்பதும் 1994 மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். 2011 திருத்தத்துக்குப் பிறகு 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி வரை அபராதம். மாட்டுகிற ஏழை கிட்னியும் போய் காசும் போய் நிற்பான். அந்தக் கூப்பிடுதல் வந்தால் பேச்சு வளர்க்காமல் வையுங்கள்.

செய்தி போட்டே ஆக வேண்டும் என்றால் ரத்த வகையைப் போடாதீர்கள். தேதி போடுங்கள், எந்தத் தேதியோடு முடிகிறது என்றும் போடுங்கள். எங்கள் செய்தி இன்னும் சுற்றுகிறது. போன மாதம்கூட ஓசூரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு "பணம் அனுப்பலாமா கண்ணு" என்று கேட்டார். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது என்று சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

2024 மே 19

பணத்தை யாரிடம் கேட்பது என்று கேட்டீர்கள், நான் பாட்டுக்கு வேறு எதையோ சொல்கிறேன். சரி, எங்கள் வழி மொய்.

எங்களுக்குக் கீரமங்கலம் பக்கம். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து உண்டு. பந்தல், கறிச்சோறு, வரிசையாக மேசை, மொய் நோட்டு. 5 வருடத்துக்கு ஒரு முறை ஒரு குடும்பத்துக்கு முறை வரும். எங்கள் முறை 2024 ஆடி. அதை 2022 ஆடிக்கு இழுத்தோம். "ஆஸ்பத்திரிக்குன்னு மொய் வைக்கறது நல்லதில்ல" என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. கஜா புயலில் 2018 நவம்பரில் எங்கள் தென்னையில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. விற்க ஒன்றும் இல்லை.

6,40,000 ரூபாய் வந்தது. விருந்துச் செலவு 1,30,000 போக 5,10,000. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, யாரிடமும் அழுது நிற்க வேண்டாம். இணையத்தில் அம்மாவின் முகத்தை ஊர் பார்க்கப் போடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். இந்தப் பழக்கம் உள்ள ஊர் என்றால் இதைத்தான் சொல்வேன்.

2024 மே 23

ஒருவர் கேட்டிருக்கிறார்: அரசு மருத்துவமனையில் இலவசம் என்றால் 5 லட்சம் எங்கே போனது?

சென்னையில் 4 மாதம் வாடகை வீடு. மாற்று சிகிச்சை முடிந்ததும் முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு முறை ரத்தப் பரிசோதனை, அதனால் ஊருக்குப் போக முடியாது. வீடு மருத்துவமனைக்குப் பக்கத்தில் வேண்டும், தனிக் கழிப்பறை வேண்டும், ஈரச் சுவர் கூடாது, ஜன்னலில் புறா அடையக் கூடாது. புறா எச்சத்திலிருந்து வரும் பூஞ்சைத் தொற்று இவர்களுக்கு மூளை வரைக்கும் போகும் என்றார் டாக்டர். சென்னையில் புறா இல்லாத ஜன்னல் தேடிப் பாருங்கள், தெரியும். தம்பியின் ஆபீஸ் நண்பர் ஒருவர் பெரம்பூரில் தன் மாடியைக் கொடுத்தார், பாதி வாடகைக்கு. ஜன்னலுக்கு வலை அவரே அடித்து வைத்திருந்தார். எங்களுக்குக் கிடைத்த உதவியில் பெரியது எது என்று கேட்டால் அந்த வலையைச் சொல்வேன்.

அப்புறம் அப்பாவின் வேலை போனது. என் சம்பளம் 4 மாதம் போனது. வெளியில் எடுத்த டெஸ்டுகள், ஆட்டோ. பாக்கி மாமாவின் வீட்டுக்கு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

2024 ஜூன் 2

யார் கொடுப்பது என்ற கதை. நீளமாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஓ பாசிட்டிவ். அப்பா கொடுப்பார், முடிந்தது என்று இருந்தோம். கொடுப்பவர் ரத்தத்தையும் வாங்குபவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கிராஸ்மேட்ச் பரிசோதனையில் ஒத்துவரவில்லை. அம்மாவின் ரத்தத்தில் அப்பாவின் திசுவை எதிர்க்கும் எதிர்ப்பணுக்கள் இருந்தன. எப்படி என்று கேட்டோம். "நீங்கள் இரண்டு பேரும் வயிற்றில் இருந்ததால்" என்றார் டாக்டர். பிள்ளை உடம்பில் பாதி அப்பாவுடையது. கர்ப்பத்தில் அம்மாவின் உடம்பு அதைப் பார்த்துப் பழகி, எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். எல்லாத் தாய்க்கும் ஆகாது, சிலருக்கு ஆகும். அதே காரணத்தால் என்னுடையதும் தம்பியுடையதும் ஒத்துவரவில்லை. அன்று வராண்டாவில் நான் உட்கார்ந்த பெஞ்சு இன்னும் நினைவிருக்கிறது. நாங்கள் பிறந்ததே அவருக்கு வினையாகிவிட்டதா என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னதும் "போடி, உங்கள வேண்டாம்னு விட்டுட்டு கிட்னிய வச்சு நான் என்ன பண்றது" என்றார்.

உங்கள் வீட்டில் மனைவி கணவருக்குக் கொடுக்கிறார். இந்தக் காரணம் உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது. பயப்படாதீர்கள்.

எதிர்ப்பணுக்களைக் குறைக்கும் சிகிச்சை இருக்கிறது, செலவு அதிகம். இதே போல் ஒத்துவராத இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளும் முறையும் சட்டத்தில் உண்டு. இரண்டுக்கும் முன்னால் கூடப்பிறந்தவர்களைப் பாருங்கள் என்றார்கள். உடன்பிறந்தவர் திசு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு.

சித்தி வந்தார். அம்மாவின் தங்கை. எல்லோரும் சித்திதான் என்று முடிவே கட்டிவிட்டோம். அவரிடம் யாராவது ஒழுங்காகக் கேட்டோமா என்று இன்று யோசித்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நம் நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனைவி கொடுப்பாள், அம்மா கொடுப்பாள், அக்கா தங்கை கொடுப்பார்கள். அதனால்தான் கொடுப்பவர் பெண் என்றால் அவர் தன் விருப்பத்தில்தான் வந்திருக்கிறாரா என்று கூடுதல் கவனத்தோடு உறுதி செய்ய வேண்டும் என்று விதியே இருக்கிறது.

டாக்டரும் மருத்துவமனையின் மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளரும் சித்தியைத் தனியாக உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார்கள். அடுத்த வாரம் "அவருக்கு ஒத்துவராது" என்றார்கள். ஒரே வரி. ஏன் என்று தம்பி கேட்டான், சொல்லவில்லை. கொடுக்க வருபவருக்கு மனம் இல்லை என்றால் அதைக் குடும்பத்திடம் சொல்லாமல் மருத்துவக் காரணம் போலச் சொல்லிவிடுவார்கள் என்று பிறகு ஒரு நர்ஸ் அக்கா பொதுவாகச் சொன்னார். எங்கள் சித்திக்கு எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், நாங்கள் கேட்கவில்லை. சித்தி அடுத்த நான்கு மாதமும் சென்னையில் எங்களோடு தங்கி மூன்று வேளையும் சமைத்தார்.

கடைசியில் கொடுத்தது மாமா. அம்மாவின் தம்பி, 46 வயது, தேங்காய் லோடு வண்டி ஓட்டுபவர்.

2024 ஜூன் 3

மே 14 அன்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கொடுக்க முடியாதாம், பெரியப்பா மகன் முன்வந்திருக்கிறாராம்.

இதைக் கவனியுங்கள். நமக்குப் பெரியப்பா மகனும் அண்ணன்தான், உடன்பிறந்த அண்ணனும் அண்ணன்தான். சட்டத்துக்கு அப்படி இல்லை. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி. நெருங்கிய உறவு என்றால் இவ்வளவுதான். உங்கள் பெரியப்பா மகன் உங்கள் அப்பாவுக்கு அண்ணன் மகன். அந்தப் பட்டியலில் இல்லை. தானத்துக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழு முன்னால் போக வேண்டும், பணம் கைமாறவில்லை, பாசத்தால்தான் தருகிறார் என்று காட்ட வேண்டும். முடியாத காரியம் இல்லை. ஆனால் நாள் எடுக்கும், இன்றே காகிதம் சேர்க்கத் தொடங்குங்கள்.

உடன்பிறப்பு என்றாலும் காகிதம் வேண்டும். அம்மாவுக்கும் மாமாவுக்கும் பிறப்புச் சான்று கிடையாது. ரேஷன் கார்டில் மாமா பெயரில் ஓர் எழுத்து குறைவு. எங்களைக் காப்பாற்றியது தாத்தா இறந்தபோது நிலத்துக்காக வாங்கிய வாரிசுச் சான்று. அதில் இருவர் பெயரும் இருந்தது. எழுத்துப் பிழையைத் திருத்தவே 5 வாரம் ஓடியது, அம்மா அந்த 5 வாரமும் டயாலிசிஸில்.

2024 ஜூன் 3, சற்று நேரம் கழித்து

இன்னொன்று. அந்த அண்ணனுக்கு நீங்கள் அன்பாகக்கூட ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. சட்டம் அவ்வளவு கடுமை.

2024 ஜூன் 11

மேலே கடைசியாக எழுதியது தவறு. அப்படியே விட்டுவைக்கிறேன், ஆனால் இதைச் சேர்த்துப் படியுங்கள்.

உறுப்புக்கு விலையாக எதுவும் கொடுக்கக் கூடாது, அது சரி. ஆனால் சட்டம் "பணம் கொடுத்தல்" என்பதை விளக்கும் இடத்திலேயே, உறுப்பு கொடுப்பதால் நேரடியாக ஏற்படும் நியாயமான செலவையும் வருமான இழப்பையும் விலக்கியிருக்கிறது. மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடமே கேட்டுக்கொண்டு கணக்கு வைத்துச் செய்யுங்கள்.

இதை நாங்கள் தெரியாமல் இருந்ததால் மாமா குடும்பம் பட்ட பாடு. லோடு வண்டி இரண்டரை மாதம் நின்றது. பாரம் தூக்கக் கூடாது. வண்டிக்குத் தவணை. மூன்று பிள்ளைகள். "கொடுத்தால் தப்பாகிவிடும்" என்று நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். அத்தை தாலிக்கொடியை அடகு வைத்தார். எங்களிடம் மூச்சு விடவில்லை. இரண்டாம் மாதம் மாமா மகள் வாய்தவறிச் சொல்லித்தான் தெரிந்தது. ஒருங்கிணைப்பாளரிடம் ஓடினேன், அவர்தான் விளக்கினார். மொய்ப் பணத்தில் மிச்சம் இருந்ததை வைத்து முதலில் நகையை மீட்டோம், அப்புறம் தவணை.

உதவி கேட்பவர்கள் எல்லோரும் நோயாளிக்காகக் கேட்கிறார்கள். கொடுப்பவரின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க ஆள் இல்லை. உங்கள் 6 லட்சத்தில் அந்த அண்ணனின் மூன்று மாதச் சம்பளத்தை முதல் வரியில் எழுதுங்கள்.

2024 ஜூலை 7

ரத்தம் கொடுக்க ஆள் சேர்க்கலாமா என்று ஒருவர். வேண்டாம். 2021இல் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 6க்கு இறங்கியபோது ஊரிலிருந்து 12 பையன்கள் வண்டி பிடித்து வந்தார்கள். அப்போது பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு பாட்டில் ஏற்றியும் விட்டார்கள். சென்னையில் சொன்னபோது டாக்டர் முகம் மாறியது. மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் எதிர்ப்பணுக்களைக் கூட்டலாம், முடிந்தவரை ஊசியிலும் இரும்புச் சத்திலுமே ஹீமோகுளோபினைக் கூட்ட வேண்டும் என்றார். உயிருக்கு ஆபத்து என்றால் வேறு விஷயம். மற்றபடி ஏற்றும் முன் "மாற்று சிகிச்சைக்குப் பதிந்திருக்கிறோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஜூன் 2இல் நாங்கள் பிறந்ததால்தான் என்று எழுதினேன். அந்த இரண்டு பாட்டிலுக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம்.

2024 ஜூலை 9

ரயில். டயாலிசிஸுக்கோ மாற்று சிகிச்சைக்கோ போகும் கிட்னி நோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் 75 சதவீதம் சலுகை. ரயில்வே படிவத்தில் மருத்துவமனை கையெழுத்து வாங்கி கவுன்ட்டரில் காட்ட வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து நாங்கள் முழுக் கட்டணம் கொடுத்து எத்தனை முறை போனோம் என்று எண்ணவே மனமில்லை.

சம்பளக்காரர் யாராவது செலவு செய்தால் வருமான வரியில் 80டிடிபி பிரிவில் வரும் மருத்துவச் செலவுக் கழிவைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அதில் இருக்கிறது, 40,000 வரை, மூத்த குடிமகனுக்கு 1 லட்சம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான்.

2024 ஆகஸ்ட் 4

மொய் பற்றி மே 19இல் அவ்வளவு உறுதியாக எழுதினேன். இந்த ஆடியில் வீட்டுக்கு 23 மொய் விருந்துப் பத்திரிகை வந்திருக்கிறது.

6,40,000இல் 2,30,000 நாங்கள் முன்பு செய்த மொய் திரும்பி வந்தது, அது எங்கள் பணம். மீதி 4,10,000 புது மொய். அதாவது கடன். வட்டி இல்லாத கடன், ஆனால் ஊர் அறிந்த கடன். திருப்பிச் செய்யும்போது மேலே கொஞ்சம் போட்டுத்தான் செய்ய வேண்டும். அப்பா இப்போது தேங்காய் ஏலம் போகும் நாளெல்லாம் நோட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மாவுக்கு மருந்து மாதாமாதம் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பதால் தாங்குகிறோம். அது இல்லை என்றால் முடியாது.

அப்படி என்றால் மொய் தவறா என்றால், தவறு என்று எழுத வரவில்லை. 2022இல் எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. முறை வராமல் இழுக்கும்போது அடுத்த 5 வருடக் கணக்கைப் போட்டுவிட்டு இழுங்கள். இணையத்தில் வரும் பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், அதுவும் நிஜம். மே மாதம் நான் அதைச் சற்று இளக்காரமாக எழுதிவிட்டேன். பத்து ரூபாய் அனுப்பியவரும் மனசோடுதான் அனுப்புகிறார்.

2024 செப்டம்பர் 24

நேற்று தமிழ்நாட்டில் உறுப்பு தான நாள். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் இங்கே இது ஊர் வாயில் வந்தது. போன வருடத்திலிருந்து உறுப்பு கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு.

அம்மாவும் அந்தக் காத்திருப்புப் பட்டியலில் 14 மாதம் இருந்தார். இரவில் போன் அடித்தால் எழுந்து உட்காருவோம். எழுந்த வேகத்திலேயே, எந்த வீட்டில் யார் போயிருக்கிறார்களோ என்று அம்மா சொல்லுவார். போன் வரவில்லை, மாமா வந்தார். உயிரோடு ஆள் கிடைத்தாலும் பட்டியலில் பதிந்து வையுங்கள், இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

2025 ஜனவரி 12

கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கு டிசம்பரில் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். காப்பீட்டிலேயே. ரொம்ப ரொம்ப சந்தோஷம். இனி மாத்திரைதான் வேலை. 12 மணி நேர இடைவெளி, காலை 9 என்றால் இரவு 9. உடம்பு புதுக் கிட்னியை எதிர்க்காமல் இருக்கத் தரும் மருந்தான டாக்ரோலிமஸின் அளவு பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. நாங்கள் ஒரு தடவை பழக்க தோஷத்தில் கொடுத்துவிட்டு அன்றைய பரிசோதனையே வீணானது. பம்பளிமாஸ் பழம் கிட்டவே வரக் கூடாது, மருந்தின் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.

இளநீரைப் பற்றிக் கேட்டீர்கள். தென்னந்தோப்பு வீட்டில் அம்மா மூன்று வருடம் இளநீர் தொடவில்லை, பொட்டாசியம். இப்போது ரிசல்ட் பார்த்துவிட்டு எப்போதாவது அரை டம்ளர். உங்கள் அப்பாவுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

2025 ஆகஸ்ட் 3

இந்த ஆடியில் மாமா வீட்டு மொய். அப்பா முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். 2022இல் மாமா எங்களுக்குச் செய்தது 5,000. அப்பா ஒரு பணக்கட்டு எடுத்து வைத்தார். எவ்வளவு என்று எனக்கும் தெரியாது, பெரியது. மாமா எழுந்து வந்து கட்டைப் பிரித்து 7,000 எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை அப்பா சட்டைப் பையில் திணித்தார். எழுதுகிற பையனிடம், "பழசு அஞ்சு, புதுசு ரெண்டு, எழுதுப்பா. அடுத்த ஆள் நிக்கிறார்" என்றார்.

அம்மா பந்தியில் இருந்தார். அவருக்கு மட்டும் அத்தை தனியாக வைத்த, சூடு ஆறாத சோறு.